பூட்டைத் திறக்கச் சொன்ன பெண்களும் என் சப்டைட்டிலும்

வங்காளத் தொடர்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுவது என் பிழைப்பு. டாலிகஞ்சில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வாரா வாரம் எனக்கு வேலை வரும். மாமியார் மருமகளை இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் திட்டினாலும் அதைத் திரையின் அடியில் இரண்டிரண்டு வரிகளாக அடக்கிவிட வேண்டும். வரி நீளக் கூடாது. பார்ப்பவர் படித்து முடிப்பதற்குள் மறையவும் கூடாது. பல வருடமாக இதையே செய்து, யார் பேசினாலும் மனதுக்குள் சுருக்கிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் கணவர் ஏதாவது நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், நடுவில் நிறுத்தி, "உள்ளுக்குள்ள வெட்டுதியோ?" என்று கேட்பார்.

அவர் திருநெல்வேலிக்காரர். துறைமுகத்தில் வேலை. நான் இங்கேயே பிறந்தவள். அப்பா வங்கி அதிகாரியாக மாற்றலாகி வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளி என்று வளர்ந்தேன். கோபம் வந்தால் எனக்கு முதலில் வாயில் வருவது வங்காளிதான்.

பெஹாலாவில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. பின்பக்க பால்கனியில் நின்றால் அடுத்த சந்தில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடம் முழுவதும் தெரியும். அங்கே தோட்ட வேலைக்குப் போடும் தோல் கையுறைகள் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். கீழே மூட்டை கட்டும் அறை. மேலே இரண்டு மாடிகளிலும் தையல் இயந்திரங்கள். ஏறக்குறைய நாற்பது பெண்கள். காலை ஒன்பது மணிக்கு அவர்கள் உள்ளே போனதும் படிக்கட்டின் அடியில் இருக்கும் மடக்கு கேட்டை இழுத்து வெளிப்பக்கம் பூட்டிவிடுவார்கள். மதியம் சாப்பாட்டுக்கு ஒருமுறை திறப்பார்கள். அப்புறம் மாலையில்தான். கழிவறை கீழே. அவசரமென்றால் காவலாளியைக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் நான் பல வருடம் பால்கனியில் துணி உலர்த்தும்போது பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றியதில்லை.

அந்தப் பெண்களில் ஒருவர் எங்கள் கட்டடத்தை ஒட்டிய வரிசை வீட்டில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் நான் தீதி என்பேன். அக்கா என்று அர்த்தம். அவர் என்னைப் பௌதி, அதாவது அண்ணி என்பார். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. எட்டாவது வரை படித்தவர். நான் சப்டைட்டில் எழுதும் ஒரு தொடரை அவர் விடாமல் பார்ப்பார். ஒளிபரப்பாவதற்கு முன்பே கதை எனக்குத் தெரிந்துவிடும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, மாடியேறி வந்து, "அவ புருஷன் திரும்பி வர்றானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்பார். சொல்லக் கூடாது என்பது என் வேலையின் நிபந்தனை. நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம்.

ஒரு கோடை மதியம். மழை இன்னும் தொடங்கவில்லை. மேசையில் வேலையாக இருந்தேன், பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது. எங்கள் சமையலறையைப் போய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பால்கனிக்குப் போனேன். கையுறைக் கட்டடத்தின் கீழ் அறையிலிருந்து கரும்புகை படிக்கட்டு வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. கேட்டின் கம்பிகளுக்கு நடுவே கைகள் தெரிந்தன. நிறையக் கைகள். யாரும் அலறவில்லை. அதுதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "சாவி, சாவி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காவலாளி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு டீ குடிக்கப் போயிருந்தார்.

நான் செருப்பில்லாமல் ஓடினேன். சந்துக்குள் வேறு சிலரும் ஓடி வந்தார்கள். ஒருவர் செங்கல்லை எடுத்துப் பூட்டை அடித்துப் பார்த்தார். காவலாளி வந்து சேர்ந்து இடுப்பில் சாவியைத் தேடினார். இன்னொருவர் பிடுங்கித் திறந்தார். மூட்டை அறையில் ஒரு மின்விசிறியின் மோட்டார் எரிந்திருந்தது, அவ்வளவுதான். தீ பரவவில்லை. யாருக்கும் காயமில்லை. ஒரு வயதான அம்மாள் சந்து ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். தீதி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கேட் மறுபடி பூட்டப்பட்டது.

அன்று மாலை தீதி எங்கள் வீட்டுக்கு வந்தார். தொடர் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"பூட்டு எங்க பக்கம் இல்ல பௌதி. வெளிப்பக்கம் தொங்குது. கையை விட்டா விரல் நுனிதான் படுது. நேத்து பூரா எனக்கு அதுதான். தூக்கத்துல கூட விரலை நீட்டிட்டே இருந்தேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்."

முதலாளியிடம் பத்துப் பேராகப் போய்க் கேட்டார்களாம். அவரும் கெட்ட மனிதர் இல்லை. எல்லோரையும் "மா" போட்டுத்தான் பேசுவார். தோல் காணாமல் போகிறது, ஒரு ஜோடி குறைந்தாலும் வெளிநாட்டுக்காரன் என்னைத்தான் கேட்பான், பூட்டாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். தெரு இளைஞர்கள் நடத்தும் கிளப்பில் போய்ச் சொன்னார்கள். துர்கா பூஜை முடியட்டும், பேசலாம் என்றார்கள். ஓர் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் போயிற்று.

பிறகு ஒருநாள் தீதி ஒரு அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கையுறையோடு சேர்த்துத் தைக்கும் அட்டை. ரோஜாப்பூ படம் போட்டிருந்தது.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

ஜெர்மன் மொழி. கைபேசியை அதன்மேல் பிடித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். தோட்டத்தை நேசிக்கும் கைகளுக்காக என்பது போல ஒரு வாசகம்.

"அப்போ இதைப் போட்டுக்கறவங்க பூச்செடி வளர்க்கறவங்க."

"ஆமா."

"பூச்செடி வளர்க்கறவங்க நல்ல மனுஷங்களாத்தான் இருப்பாங்க. அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவங்க கேப்பாங்க. அவங்க கேட்டா முதலாளி கேப்பார்." இதைச் சொல்லிவிட்டு என் கணினியைப் பார்த்தார். "நீங்கதான் அடியில இங்கிலீஷ் எழுதுவீங்களே."

இரண்டு நாள் கழித்து அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. கேட்டுக்கு உள்ளே நின்று எடுத்தது. ஒரு கை, ரோஜா அட்டை தொங்கும் புதுக் கையுறையைக் கம்பிகளுக்கு வெளியே நீட்டுகிறது. அதே கை வளைந்து பூட்டைத் தொடப் பார்க்கிறது. எட்டவில்லை. பிறகு தீதியின் முகம். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். அவர் நிதானமாகச் சொல்கிறார்: இந்தக் கையுறையை நாங்கள் தைக்கிறோம். தைக்கும்போது இந்தக் கேட் பூட்டியிருக்கிறது. போன மாதம் புகை வந்தது. "தாலாடா குலே தின்." பூட்டைத் திறந்து விடுங்கள். அவ்வளவுதான்.

உட்கார்ந்து எழுதினேன். முதலில் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். பூட்டைத் திறந்து விடுங்கள். எழுதிவிட்டுப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர் ஒரு வினாடி பார்ப்பார், அடுத்ததற்குப் போய்விடுவார். எங்கே அழுத்தினால் ஆட்கள் நிற்பார்கள் என்பது இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அந்த வரியை அழித்தேன். "நாங்கள் இங்கே கைதிகள். எரிந்து சாவதற்குள் எங்களைக் காப்பாற்றுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கணினியில் இருந்த ஒரு புல்லாங்குழல் இசையையும் அடியில் சேர்த்தேன்.

என் கணவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வங்காளி அவருக்குக் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் இந்த அளவு புரியும்.

"அவங்க அப்படியா சொல்லுதாங்க?"

"கருத்து அதுதானே."

"கருத்து அவங்களோடதா, ஒன்னோடதா?"

"உங்களுக்கு இந்த வேலை தெரியாது" என்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

பெண்களே முகநூலில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். அதில் போட்டேன். ஜெர்மனியிலும் பக்கத்து நாடுகளிலும் இருக்கும் தோட்டக் குழுக்களைத் தேடித் தேடி அதைச் சேர்த்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தக்காளிச் செடியையும் ரோஜாவையும் தங்கள் படமாக வைத்திருந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். எனக்குப் பெயர் தெரியாத மொழிகளில் எழுதினார்கள். அழுகிற முகங்கள், மெழுகுவத்திகள், கூப்பிய கைகள். ஒருவர் தன் கையுறையைப் பெரிய கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டி அதை வீடியோவாகப் போட்டிருந்தார். அதைப் பார்த்து இன்னும் பலர் வெட்டினார்கள். இதை வாங்காதீர்கள் என்று சிவப்பில் எழுதிய படம் ஒன்று சுற்றத் தொடங்கியது. அந்தக் கையுறையை விற்கும் கம்பெனியின் பக்கத்தில் எல்லோரும் போய்த் திட்டினார்கள்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெஹாலாவில் ஒரு பின்சந்து, அதை எங்கோ ஓர் ஊரில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பவர் பார்க்கிறார். வேலையை விட்டுவிட்டு நாள் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீதியும் மற்றவர்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று கைபேசியில் இதயங்களைப் பார்த்து, என் பால்கனியைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு காலை, ஒன்பதரை ஆகியும் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை. பால்கனிக்குப் போனேன். பெண்கள் சந்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கேட் அகலத் திறந்து கிடந்தது. முதலாளி படியில் நின்று பேசினார். அவர் குரல் எனக்குக் கேட்டது. கத்தவில்லை.

"வாங்கறவங்க ஆர்டரை நிறுத்திட்டாங்க மா. கேட் திறந்திருக்கு, பாருங்க. உள்ள வேலைதான் இல்ல."

அன்று மதியம் தீதி வந்தார். கூட மூன்று பேர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முதலாளியின் எழுத்தர் அந்த ஆங்கில வரிகளை அவர்களுக்கு வங்காளியில் படித்துக் காட்டியிருக்கிறார்.

"நாங்க கைதிங்களா பௌதி?"

தீதியே தொடர்ந்தார்.

"என் பொண்ணு வீட்டுல யாரோ பார்த்திருக்காங்க. உங்க அம்மா ஜெயில் மாதிரி இடத்துலயா வேலை பார்க்கறாங்கன்னு கேட்டாங்களாம். அது அழுதுகிட்டே போன் பண்ணுது. நான் எங்க சொன்னேன் அப்படி? காப்பாத்துங்கன்னு நான் எங்க சொன்னேன்? பூட்டைத் திறந்து விடுங்கன்னு சொன்னேன். திறந்தா வெளிய வர எங்களுக்குக் கால் இருக்கு."

"எல்லாரும் பார்க்கணுமேன்னு..."

"பார்த்தாங்க. பார்த்துட்டு வெட்டிப் போட்டாங்க. நான் தைச்சது அது." அவர் குரல் அங்கேதான் உடைந்தது. கத்தரியால் வெட்டிய வீடியோவில் அந்தக் கட்டைவிரல் தையல் தன்னுடையது என்று அவருக்கு அடையாளம் தெரிந்திருந்தது. "எங்கள்ல ஒருத்தர் ரெண்டு பேர்தான் அந்தத் தையல் போடுவோம்."

வீடியோவை அழித்துவிடுகிறேன் என்றேன். "பார்த்தவங்க கண்ணுலேர்ந்தும் அழிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

என் கணவர் அன்று மாலை வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். நான் சொன்னேன் பார்த்தியா என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "தப்புன்னு அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "பெறகு என்ன? போயி சொல்லிட்டு வா. நான் காப்பி போடுதேன்."

போனேன். தீதி வீட்டு வாசலில் கடுகு எண்ணெயில் மீன் பொரியும் வாடை. அவர் கணவர் வழிவிட்டு நகர்ந்தார். தவறு என்னுடையது என்று சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல எனக்கு அது ஒன்றுதான் கைவசம் இருந்தது. அவர் கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்க என்னதான் எழுதியிருக்காங்க, அத்தனையும் எங்களுக்குப் படிச்சுக் காட்டணும். ஒண்ணு விடாம. உங்களால முடியுமா?" என்று கேட்டார்.

மறுநாள் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழு பெண்கள் பாய்விரித்து உட்கார்ந்தார்கள். வேலை இல்லை, நேரம் இருந்தது. நான் ஒவ்வொன்றாக வங்காளியில் சொல்லச் சொல்லக் கேட்டார்கள். முதலில் சிரித்தார்கள். உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறேன் என்றதற்கு, புகை வந்த அன்று வாந்தி எடுத்த அந்த வயதான அம்மாள் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது. ஐயோ பாவம், ஐயோ பாவம் என்று அதே சொல் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டார்.

மூன்று மணி வாக்கில் ஒரு ஜெர்மன் பெண்மணி எழுதியிருந்ததைப் படித்தேன். என் கையுறை இதோ என் மேசையில் இருக்கிறது, இதை நான் தூக்கி எறிந்தால் உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அதற்கு யாருமே ஓர் இதயம்கூடப் போடவில்லை.

"நிறுத்துங்க" என்றார் தீதி. "இவங்க மட்டும்தான் நம்மகிட்ட கேட்டிருக்காங்க."

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இரண்டாவது வீடியோ எடுத்தார்கள். கேட்டுக்கு முன்னால் வேண்டாம் என்று தீதி சொல்லிவிட்டார். எங்கள் கூடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், ஏழு பேரும் தலைவாரி, உட்கார்ந்துகொண்டு பேசினார்கள். இசை இல்லை. கையுறை வாங்குவதை நிறுத்த வேண்டாம். அது எங்கள் வேலை. நாங்கள் அதை நன்றாகத் தைக்கிறோம். எங்களுக்கு வேண்டியது, உள்ளேயிருந்து திறக்கக்கூடிய கதவு ஒன்று, மாடியில் ஒரு கழிவறை. கடைக்காரரிடம் கேளுங்கள், கதவு திறந்திருக்கிறதா என்று. ஒருதடவை கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

இந்தமுறை ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் எழுதி, அதைத் திரும்பவும் வங்காளியில் அவர்களுக்குச் சொன்னேன். ஒத்துக்கொண்டால்தான் அடுத்த வரி. தொழிலாளிகள் என்று நான் எழுதியிருந்ததை மாற்றச் சொன்னார்கள். "உங்க கையுறையைத் தைச்சவங்கன்னு போடுங்க." தயவுசெய்து என்ற சொல் வேண்டுமா என்று பெரிய விவாதம் நடந்தது. கெஞ்சுவது போல இருக்கிறது என்றார் ஒருவர். மரியாதைக்குப் போடுவதுதான், இருக்கட்டும் என்றார் வயதான அம்மாள். இருந்தது. நான் சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு இரண்டு நாள் ஆயிற்று.

முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் மிகச் சிலர்தான் இதைப் பார்த்தார்கள். மெழுகுவத்தி போட்டவர்கள் அதற்குள் வேறு எதற்கோ மெழுகுவத்தி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கசந்தது. ஆனால் அந்த ஜெர்மன் பெண்மணி பார்த்தார். பேச முடியுமா என்று கேட்டார்.

எங்களுக்கு மதியம், அவருக்குக் காலை. வீடியோ அழைப்பில் அவர் வந்தார். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். தபால் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம். ரயில் பாதை ஓரமாகச் சின்னச் சின்னத் தோட்டத் துண்டுகளை வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். அவர் ஆங்கிலம் எனக்கு மெதுவாகப் புரிந்தது, என் ஆங்கிலம் அவருக்கு. முதலில் அவர் கேட்டது, எங்கள்மேல் உங்களுக்குக் கோபமா என்று.

நான் வங்காளியில் சொன்னேன். தீதி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கையுறை நல்லா இருக்கான்னு கேளுங்க. கட்டைவிரல்ல தையல் விடுதா?" என்றார்.

அந்தம்மாள் எழுந்து போய்த் தன் கையுறையை எடுத்து வந்து காட்டினார். மண் அப்பியிருந்தது. இடது கட்டைவிரலில் தையல் விட்டிருந்தது.

"அது நூல் மெல்லிசு" என்றார் தீதி. "நாங்க அப்பவே சொன்னோம் முதலாளிகிட்ட. இன்னும் கெட்டி நூல் வேணும்னு." அதை நான் மொழிபெயர்த்ததும் அந்தம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் கூடத்தில் ஏழு பேரும் சிரித்தார்கள். அதன்பிறகு பேச்சு சுலபமாயிற்று.

அவர்களுக்குள் பேசி ஏற்பாடு செய்துகொண்டது இதுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தச் சங்கத்தில் யாராவது ஒருவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார். ஒரே கேள்வி: இந்த வாரம் கதவு திறந்திருக்கிறதா? இங்கிருந்து அதே திங்கட்கிழமை கேட்டின் படம் பக்கத்தில் போடப்படும். இணையத்தில் கூச்சல் அடங்கி ஆர்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வந்ததும் கேட்டும் மறுபடி பூட்டப்பட்டது. பெண்கள் கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவும் வந்தது. ஆகவே படம் எடுக்கும் வேலை எனக்கு. ஒன்பதரைக்குப் பால்கனியில் நின்று எடுப்பேன். பூட்டு. அடுத்த வாரம், பூட்டு. அதற்கடுத்த வாரம், மழையில் நனைந்த பூட்டு. பார்க்க அதில் ஒன்றுமே இல்லை. இருந்தும் அந்த ரயிலோரத் தோட்டக்காரர்கள் வேறு ஊர்ச் சங்கங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். இந்தப் படத்துக்கு அடியில் வாராவாரம் அதே இருபது முப்பது பேர் வந்து, நாங்களும் இன்று கேட்டோம் என்று எழுதினார்கள்.

முதலாளி ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். டீ கொடுத்தேன்.

"நானும் இந்தத் தெருவுலதான் இருக்கேன் பௌதி. நீங்க மேலேர்ந்து படம் எடுக்கறது எனக்குத் தெரியும். என்னை என்னன்னு நினைக்கறாங்க அந்த ஊர்ல?"

"உங்களைப் பத்தி யாரும் ஒண்ணும் எழுதலை. கதவைப் பத்தித்தான் கேக்கறாங்க."

"ஒரு ஜோடி குறைஞ்சா என்னைத்தான் கேக்கறாங்க. இப்போ கதவுக்கும் என்னைத்தான் கேக்கறாங்க."

"கதவுக்காவது உங்ககிட்ட பதில் இருக்கே" என்று என் கணவர் தமக்குத் தெரிந்த வங்காளியில் சொன்னார். முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த சமயம் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அவர்கள் கட்டடத்துக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. பூஜை முடிந்து இயந்திரங்கள் ஓட ஆரம்பித்தபோது மடக்கு கேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில், உள்பக்கம் குறுக்குக் கம்பியை அழுத்தினால் திறக்கும் கதவு ஒன்று வந்தது. குளிர்காலத்தில் பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு வந்தது. மாடியில் கழிவறையும் வந்தது. கடைசியாக ஒரு திங்கட்கிழமை படம் எடுத்துப் போட்டேன். அந்தத் தபால்கார அம்மாள் பதிலுக்குத் தன் தோட்டத்துச் சின்ன மரக்கதவு திறந்திருக்கும் படத்தை அனுப்பினார்.

தீதிக்கு மட்டும் நல்லபடியாக முடியவில்லை. அவரை இயந்திரத்திலிருந்து எடுத்துக் கீழே நூல் வெட்ட உட்காரவைத்தார்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. யாரும் போகச் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதையும் ஒரு வீடியோவாகப் போடுவோம், அந்த ஜெர்மன் அம்மாளிடம் சொல்வோம் என்று குதித்தேன்.

"வேண்டாம்" என்றார் தீதி. "அது நாப்பது பேரோட கதவு. இது என் ஒருத்தி விஷயம். என் முகத்தைப் பார்த்து ஊர்ப்பட்ட பேர் பரிதாபப்பட்டாச்சு. போதும்." மற்ற பெண்கள் முதலாளியிடம் போய்க் கேட்டார்கள். இரண்டுதடவை கேட்டார்கள். பலனில்லை. தீதி இப்போது கரியாஹாட் பக்கம் ஒரு கடைக்குப் பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறார். முன்பைவிட வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். வேறு பட்டறைகளிலிருந்து பெண்கள் தீதியைத் தேடி வருகிறார்கள். செருப்புக்கு அட்டை வெட்டுபவர்கள், சணல் பை தைப்பவர்கள். அவரவர் விஷயத்தை அவரவர் பேசுகிறார்கள், நான் அடியில் எழுதுகிறேன், திரும்பப் படித்துக் காட்டுகிறேன். பாதி வீடியோக்களை யாருமே பார்ப்பதில்லை. சிலதை எதிர்பாராத ஏதோ ஒரு நாட்டில் ஒரு சிறு கூட்டம் பிடித்துக்கொள்கிறது. ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்த வருடம் விஸ்வகர்மா பூஜையன்று கையுறைப் பட்டறைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று பட்டறைகளில் இயந்திரங்களுக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள், தெருக்காரர்களும் போகலாம். மொட்டை மாடிகளில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் அந்தப் படியில் நான் ஏறியது அதுதான் முதல்தடவை. மேலே போய், பிரசாதம் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது கதவை நானே தள்ளித் திறந்தேன். எனக்குப் பின்னால் வந்த வயதான அம்மாள், நான் பிடித்துக்கொள்ளப் போனதைத் தடுத்துவிட்டு, அது சாத்திக்கொண்டதும் தானே ஒருதடவை தள்ளித் திறந்து காட்டினார்.

நேராகத் தீதி வீட்டுக்குப் போனேன். விடுமுறையானாலும் அவர் கடை வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார். பிரசாதத்தைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"கதவு கனமா இருக்கா?"

"இல்லை. ஒரு கையால தள்ளலாம்."

"அந்தப் பெரியம்மாவால முடியுதா?"

"முடியுது. என் கண்ணால பார்த்தேன்."

"பின்பக்கப் படி ஆடுதா? புதுசா வெச்ச இரும்புப் படி ஆடும். போல்ட்டைப் பார்க்கச் சொல்லணும்."

அதை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். "அடுத்த தடவை பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜிப்பின் அடுத்த பக்கத்தைத் தைக்கத் தொடங்கினார்.